பத்மினி எடுத்த வண்டி

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது வண்டி இல்லை. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற டிராலிதான் முதலில் வந்தது. என் பெண்டாட்டி பத்மினி எடுக்கிற காரியம் எல்லாமே இப்படித் தலைகீழாகத்தான் தொடங்கும். புத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, இரண்டு சக்கரம் வைத்து, சுற்றிலும் தகடு அடித்து, பச்சைப் பெயின்ட் பூசி, கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டாள். அதை இழுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. பங்குனி மாதம் முழுக்க அது மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு அங்கேயே கிடந்தது. எங்கள் மகள் ஸ்ரீதேவி தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அதில் பஸ் விளையாட்டு விளையாடினாள். ஒரு கோழி அதற்குள் முட்டை வைத்தது. தறிக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் வண்டி எப்போது வரும் என்று கேட்கமாட்டார்கள். டிராலிக்கு டீசல் போட்டாயா என்று கேட்பார்கள். எனக்குச் சுள்ளென்று வரும்.

நான் ரமணா. நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். பத்மினி நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். எங்கள் குப்பத்தில் ஆட்டோ ஓட்டிய முதல் பெண் அவள்தான். லைசென்ஸ் எடுக்கப் போனவள் காருக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போது எங்களிடம் சைக்கிள்கூட ஒழுங்காக இல்லை. இதிலெல்லாம் எனக்குப் பெருமைதான். அவள் எதிரில் மட்டும் சொல்வதில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

எங்கள் நைனா, அதாவது என் அப்பா கன்னையா, காலமெல்லாம் அடுத்தவர் கரும்பை வெட்டியவர். குப்பத்தில் யாருக்கும் ஒரு பிடி மண் சொந்தமாக இல்லாத காலம் அது. பிறகு சர்க்கார் ஓடைக்கு அந்தப் பக்கம், குன்றின் சரிவில் எங்களுக்குப் பட்டா கொடுத்தது. கல்லும் காரை முள்ளும் மண்டிக் கிடந்த இடம். குடும்பமே கல் பொறுக்கிப் போட்டோம். பெங்களூரா மாங்கன்று வைத்து, ஓடையில் ஊற்று தோண்டிக் குடத்தில் சுமந்து ஊற்றினோம். போன வருஷம் மரங்கள் முதன்முதலாகக் கொஞ்சம் காய்த்தன. ஆனால் காய்த்தால் மட்டும் போதுமா? ஓடை மணலைத் தாண்டி, எதிர்க்கரை ஏறி, ரோட்டுக்கு வந்தால்தான் அது காய். அந்த மணலில் இறங்கி ஏறுகிற டிராக்டர் பக்கத்தில் நாராயணசாமி அண்ணனுடையது மட்டும்தான். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வாடகைக்கு வருவார். ஆனால் தன் தோப்பு, பங்காளி தோப்பு, தெரிந்தவர் தோப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் மேட்டுக்கு வருவார். அதற்குள் குவியலின் அடியில் இருந்ததெல்லாம் அழுகிவிட்டது. ஜூஸ் ஃபேக்டரி வாசலில் பாதியைத் திருப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு ஃபேக்டரி வாசலிலேயே பத்மினி முடிவு செய்துவிட்டாள். அடுத்த வருஷம் எங்கள் காய் யாருடைய டிராக்டருக்கும் காத்திருக்காது. அதோடு விட்டாளா? இரண்டு நிபந்தனை போட்டாள். வாங்குகிற வண்டி டிராலி நிறையக் காயோடு ஓடையைத் தாண்டிக் கரை ஏற வேண்டும். அறுவடைக்கு வருகிற ஆட்கள் அத்தனை பேரும் வண்டிக்குள் சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். டிராலியில் காயைத் தவிர வேறெதுவும் ஏறக்கூடாது.

முதல் நிபந்தனை எனக்குப் புரிந்தது. இரண்டாவதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்போது உட்கார்ந்து போனார்கள்? போகும்போது டிராலியில் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வரும்போது சுமைக்கு மேலே தொற்றிக்கொண்டு வருவார்கள். நானும் அப்படித்தான் போனேன், நைனாவும் அப்படித்தான். பத்மினி சின்னப் பெண்ணாகக் கரும்பு வெட்டப் போன காலத்தில் ஏரிக்கரையில் அப்படி ஒரு டிராலி கவிழ்ந்தது. இவள் குதித்துத் தப்பித்தாள். பக்கத்தில் நின்ற கிருஷ்ணம்மாவுக்கு இடுப்பெலும்பு போனது. கிருஷ்ணம்மா எங்கள் தெருதான். இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். மரம் ஏற முடியாவிட்டாலும் மரத்தடியில் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை.

நான் சரக்கு வண்டி வாங்கலாம் என்றேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் தொட்டி. டிராலியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம், ஆட்கள் தொட்டியில் ஏறிக்கொள்வார்கள். இந்த யோசனை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. பத்மினி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாமான் ஏத்தற எடத்துல மனுசன் ஏறினா, மனுசனும் சாமான்தான்யா" என்றாள்.

எங்களுக்கும் வீட்டுக்கு ஒரு வண்டி வேண்டித்தான் இருந்தது. நைனாவுக்குச் சர்க்கரை, மாதாமாதம் திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்ரீதேவியின் பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். சரி, எல்லாரும் உட்காருகிற வண்டியாகவே இருக்கட்டும் என்று இறங்கி வந்தேன். புதுசு வாங்க வசதியில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சித்திரையில் ஒரு நாள் நைனா, நான், பத்மினி மூவரும் திருப்பதிக்குப் போனோம். ரேணிகுண்டா ரோட்டில் சலீம் என்பவர் பழைய வண்டி வாங்கி விற்கிற இடம் வைத்திருந்தார். நல்ல மனிதர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். உள்ளே போனதுமே நைனா ஒரு வெள்ளை வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். அதே கம்பெனி வண்டி வைத்திருப்பவன் எவனாவது சண்டைக்கு வருவான். முன்கண்ணாடியில் பெரிய நாமம். உள்ளே குட்டிப் பெருமாள். பின்னால் கொக்கிகூட இருந்தது.

"கொண்ட மீத திரிகின பண்டி" என்றார் சலீம். மலைமேல் ஓடிய வண்டி என்று அர்த்தம். வருஷக்கணக்காகத் திருமலைக்கு பக்தர்களை ஏற்றி இறக்கியதாம். வழியில் நின்றுபோன வண்டிகளை இழுக்கத்தான் அந்தக் கொக்கியாம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இந்த மாதிரி வண்டி இருக்கிறதா என்று கேட்டே வாங்குவார்களாம்.

நைனா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வருஷா வருஷம் புரட்டாசியில் நடந்தே மலை ஏறுகிறவர் அவர். வேலை கேட்டுப் பல வாசல்களில் நின்றவர், எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த வண்டியை விட்டு மட்டும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

"ஏழு மலை ஏறின வண்டி. நம்ம ஓடக்கர இதுக்கு ஒரு கரையா நைனா?" என்றார் என்னிடம். மகனையும் நைனா என்று கூப்பிடுவது அவர் வழக்கம்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எவ்வளவு வளைவு, எவ்வளவு ஏற்றம், எவ்வளவு ஜனம். அதையெல்லாம் ஏறியது இந்தச் சின்ன ஓடையில் நிற்குமா? போதாததற்குப் பெருமாள் வேறு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். நான் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன், டயரை உதைத்துப் பார்த்தேன், தலையை ஆட்டினேன். வண்டி பார்க்கிறவர்கள் இதையெல்லாம் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

பத்மினியைக் காணோம். தேடினால், மூலையில் வேப்ப மரத்தடியில் நின்ற ஒரு மண் நிற வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தாள். கால் மட்டும்தான் தெரிந்தது. சித்தூர்ப் பக்கம் கல் குவாரியில் ஓடிய வண்டியாம் அது. உடம்பெல்லாம் நசுங்கல். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று சலீமே சொன்னார். அவள் நெற்றியில் கிரீஸோடு எழுந்து வந்தாள். வந்த வேகத்தில் வெள்ளை வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். வெள்ளை வண்டியில் எஞ்சின் பின்சக்கரத்தை மட்டும்தான் சுற்றும், முன்சக்கரம் சும்மா கூடவே வரும் என்றாள். குவாரி வண்டியில் கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கியர் இருக்கிறது. அதைப் போட்டால் நான்கு சக்கரமும் சுற்றும், முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். மணலுக்கு அதுதான் வேண்டும் என்றாள்.

நைனாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பெரியவர் வாழ்நாளில் ஒன்றே ஒன்று கேட்கிறார், அதற்கு ஒரு கியரைக் காட்டி மறுப்பதா என்று அங்கேயே எகிறினேன். பத்மினி என்னைச் சட்டை செய்யவில்லை. நைனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆட்டோ ஓட்டக் கிளம்பிய நாளில் தெருவே மூக்கில் விரலை வைத்தபோது, முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து புத்தூர் வரைக்கும் போய்வந்தவர் அவர்தான். அவருக்கு அவளால் இல்லை என்று சொல்ல முடியாது. கடைசியில் ஒரு வழி சொன்னாள். சலீம் வெள்ளை வண்டியை எங்கள் ஓடைக்குக் கொண்டுவரட்டும். டிராலியில் காயின் எடைக்குக் கல்லை ஏற்றி மாட்டுவோம். கரை ஏறினால் அதுவே நம் வண்டி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குப்பமே ஓடைக்கரையில் கூடிவிட்டது. சலீம் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். நைனா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் சுற்றி உடைத்தார். டிராலியில் கல் ஏற்றினோம். பத்மினி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். வண்டி அழகாக இறங்கியது, பாதி மணலைத் தாண்டியது. நைனா கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. எதிர்க்கரைக்குக் கீழே வந்ததும் பின்சக்கரம் இரண்டும் இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. நான் அழுத்து அழுத்து என்று கத்தினேன். அவள் காலை எடுத்துவிட்டாள். நான் விடாமல் கத்தியதால், ஊர் வாயை அடைக்க ஒரு தடவை அழுத்திக் காட்டினாள். வண்டி வயிறு வரைக்கும் மணலில் இறங்கிவிட்டது. எல்லாரும் கோவிந்தா போட்டுத் தள்ளினோம். ஒரு விரற்கடை நகரவில்லை.

நாராயணசாமி அண்ணன் வீட்டுக்குத்தான் ஆள் போக வேண்டியிருந்தது. டிராக்டரோடு வந்தார், கயிறு கட்டினார், இழுத்துப் போட்டார். வாடகைகூட வேண்டாம் என்றுவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

"சீசன்ல சொல்லு ரமணா. நம்ம வேலைங்க முடிஞ்சதும் கடைசீல வந்து எறக்கித் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நைனா சாப்பிடவில்லை. தேங்காய் சரியாக உடையவில்லை, அதனால்தான் என்று முனகிக்கொண்டிருந்தார். பத்மினி தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். இந்த விஷயத்தில் அவள் அவரைச் சீண்டப்போகிறாள் என்று நான் பயந்துதான் போனேன்.

"மாமா, அந்த வண்டி மேல இன்னா தப்பு கீது? தார் ரோட்டுல ஜனங்கள மலைக்கு இட்டுக்கினு போறது அதும் வேல. ஒழுங்காத்தான செஞ்சிக்கினு இருந்திச்சி. நாமதான் மணல்ல எறக்கி அத்த அசிங்கப்படுத்திட்டோம். துன்னுங்க."

நைனா தட்டை வாங்கிச் சாப்பிட்டார். காலையில் அவரே பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார், அந்தக் குவாரி வண்டியைப் பார்க்கலாம் வா என்று. என் நைனாவுக்குப் படிப்பு வராது, ஆனால் தப்பு என்று தெரிந்தால் மறுநாளே திருத்திக்கொள்கிற குணம் உண்டு. அது எனக்கு வரவில்லையே என்று பத்மினி அடிக்கடி சொல்வாள்.

சலீம் இன்னொரு முறை வண்டியைக் கிராமத்துக்கு அனுப்பமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளை வண்டிக்கு அடியிலிருந்து இன்னும் மணல் கொட்டுகிறதாம். நியாயம்தான். ஆனால் குவாரி வண்டியின் குறையை எல்லாம் அவரே வரிசையாகச் சொன்னார். ஏசி இல்லை, ஒரு பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, சீட்டெல்லாம் கிழிசல். பத்மினி முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நாங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் கிளம்ப அது படுகிற பாடு தெரியாமல் போய்விடுமாம். பானெட் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினாள், ஒரே முறையில் கிளம்பியது. சந்திரகிரி ரோட்டில் போய், சொர்ணமுகி ஆற்று மணலில் இறக்கினோம். குட்டிக் கியரைப் போட்டாள். வண்டி அலட்டிக்கொள்ளாமல் மணலில் வட்டம் அடித்தது. ஆனால் பின்னால் டிராலி இல்லை, சுமை இல்லை. சுமையோடு எங்கள் கரையை ஏறுமா என்பது சலீமுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்காமல்தான் வாங்குகிறோம் என்பது பத்மினிக்குத் தெரிந்துதான் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பிறகு அவள் செய்ததுதான் வேடிக்கை. ஸ்டியரிங்கைச் சலீமிடம் கொடுத்துவிட்டு, கடைசி வரிசை சீட்டில் போய் உட்கார்ந்து, மேடுபள்ளமான ரோடாகப் பார்த்து ஓட்டச் சொன்னாள். குதித்த குதியில் தலை கூரையில் இடித்தது. இறங்கி வந்து, இதற்கு நல்ல பஞ்சு வைக்க வேண்டும் என்றாள். உலகத்தில் எவனாவது கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்த்து வண்டி வாங்குவானா என்று நான் கேலி செய்தேன்.

"ஓட்றவங்களுக்கு முன் சீட்டு எப்பவும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

யார் பெயரில் எழுத என்று சலீம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "எம் மருமவ பேருல எய்துங்க" என்றார். என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் யோசித்த பிறகு.

புத்தூரில் சீட்டுக்கெல்லாம் புது ரெக்ஸின் போட்டு, கடைசி வரிசைக்குக் கூடுதலாகப் பஞ்சு வைத்தாள். பின்னால் இருந்த கொக்கியைக் கழற்றிப் பார்த்து, தடிமனான போல்ட்டாகப் போட்டு வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து முடுக்கச் சொன்னாள். நைனாவை உட்காரவைத்து மலைக்கும் ஒரு நடை போய்வந்தோம். கீழிருந்து மேல் வரைக்கும் அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, நடந்து ஏறுகிற வழி எங்கே வருகிறது என்று ஸ்ரீதேவிக்குக் காட்டிக்கொண்டே வந்தார். நானும் காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன். அந்தச் சுகத்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஆனி பிறந்ததும் காய் முற்றியது. இந்த வருஷம் மரம் தாங்காத காய். கிருஷ்ணம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் விடிந்ததும் வண்டிக்குக் காத்திராமல் நடந்தே மாங்கொல்லைக்குப் போய் அறுப்பில் இறங்கிவிட்டார்கள். பத்மினி காலி டிராலியை மாட்டி ஓட்டிவந்தாள். காலி டிராலியோடு ஓடையைத் தாண்டியது பெரிய விஷயமில்லை. மதியத்துக்குள் அறுத்து, தரம் பிரித்து, டிராலியில் கோபுரமாகக் குவித்தோம். டயர் இரண்டும் பிதுங்கிக்கொண்டு நின்றன. நான் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தேன். எதிர்க்கரையில் நாராயணசாமி அண்ணன் தன் டிராக்டரை நிறுத்தியிருந்தார். பின்னால் அவருடைய டிராலியில் அவர் தோப்புக்குப் போகிற ஆட்கள் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எப்படியும் கூப்பிடுவோம் என்று அவர் கயிற்றைக்கூட எடுத்துக் கீழே போட்டுவைத்திருந்தார். கேலிக்காக இல்லை, உதவிக்காகத்தான். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

பத்மினி எஞ்சினைக் கிளப்பினாள். ஃபேக்டரியில் காய் இறக்க ஆட்களும் கூட வர வேண்டும். கிருஷ்ணம்மாவும் மற்றப் பெண்களும் எப்போதும் போலச் சக்கரத்தில் கால் வைத்து, மாங்காய்க் குவியல்மேல் ஏறப் போனார்கள். பத்மினி எஞ்சினை நிறுத்திவிட்டாள்.

"பெரிம்மா, உள்ள வந்து குந்து."

கிருஷ்ணம்மா ஒரு கால் சக்கரத்தின் மேல் இருந்தபடியே சேலையைக் காட்டினார். "மேலெல்லாம் மாங்காப் பாலு, கால்ல மண்ணு. புது சீட்டு பாழாப் போவும் பத்மினி. நாங்க இப்டியே குந்திக்கினு வரோம், இன்னா இப்ப?"

"பாழாவட்டும். அதுக்குத்தான் வாங்கினேன்" என்றாள் பத்மினி.

நான் ஓடிப்போய் அவள் ஜன்னலருகில் நின்று கெஞ்சினேன். கரையை மட்டும் ஏற்றிவிடு, ஆட்கள் நடந்து வரட்டும், மேலே போய் ஏறிக்கொள்ளலாம், பாரத்தைக் குறை என்றேன். உள்ளே ஆள் இருந்தால்தான் சக்கரம் மண்ணை அழுத்திப் பிடிக்கும் என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம், என் வாயை அடைக்கவும் இருக்கலாம். அவளிடம் இரண்டும் ஒன்றுதான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் காலைத் தட்டிக்கொண்டு ஏறினார்கள். கிருஷ்ணம்மாவை நைனா கை கொடுத்து ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தார். கிருஷ்ணம்மா சீட்டில் முழுசாகச் சாயாமல் நுனியில் உட்கார்ந்தார். கடைசி வரிசையும் நிரம்பியது. நைனா முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார்.

எனக்கு இடமில்லை. பழக்க தோஷத்தில் டிராலித் தகட்டில் கையை வைத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"யோவ். கைய எடு" என்று குரல் வந்தது. எடுத்துவிட்டேன்.

வண்டி சரிவில் இறங்கியது. சுமை பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது, அவள் குட்டிக் கியரைப் போட்டுப் பிடித்துப் பிடித்து இறக்கினாள். மணலைத் தொட்டதும் வால் பக்கம் ஒரு முறை அசைந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். எதிர்க்கரைக்குக் கீழே வந்ததும் நின்றேவிட்டேன், என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் கண்ணை மூடவும் முடியவில்லை. எஞ்சின் சத்தம் ஏறவில்லை. ஒரே தாளத்தில் உறுமிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் இரண்டும் கரையில் வாய் வைத்துக் கடித்தமாதிரி பிடித்தன. மணல் சிதறியது. வண்டியின் மூக்கு மேலே போனது. அதன் பின்னால், அவசரமே இல்லாமல், எங்கள் டிராலி, நாங்கள் கல் பொறுக்கின நிலத்தின் காய், அவ்வளவும் ஏறியது. சில காய்கள் மட்டும் உருண்டு என் காலடியில் வந்து விழுந்தன.

வண்டிக்குள் யாரும் கத்தவில்லை, கைதட்டவில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுத்தவர்களைப் போல நேராக உட்கார்ந்திருந்தார்கள். கரைமேல் ஏறியதும் கிருஷ்ணம்மா மெதுவாகப் பின்னால் சாய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கம் என்ன? என் பெண்டாட்டி ஓட்டுகிறாள், என் நைனா முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நாராயணசாமி அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, எங்கள் வண்டிக்கு வழி விட்டுத் தன் டிராக்டரைப் பின்னால் எடுத்தார்.

உருண்ட காயைத் துண்டில் கட்டிக்கொண்டு நான் கரை ஏறி வந்தேன். பத்மினி நிற்கவில்லை, தூரத்தில் தார் ரோட்டைப் பிடித்து ஃபேக்டரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல வண்டி என்றார். பிறகு, என் தோப்பும் ஃபேக்டரிப் பக்கம்தான், ஆட்களோடு டிராலியில் ஏறிக்கொள், ரோட்டில் விட்டுவிடுகிறேன் என்றார்.

"வேணாங்கண்ணா. நடந்தே வரேன்" என்றேன்.

அவர் டிராக்டரைக் கிளப்பினார். அப்போது டிராலியில் நின்றிருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். மேலத் தெருக்காரி, முகம் தெரியும், பேசியதில்லை. தகட்டைப் பிடித்தபடியே குனிந்து, நாளைக்கு உங்கள் கொல்லைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டாள். வேலை இருக்கிறதா என்று நாங்கள்தான் வாசல் வாசலாகக் கேட்டிருக்கிறோம். எங்களை யாரும் கேட்டதில்லை.

"வேணும், வாங்க. குந்திக்கினே போலாம்" என்றேன்.

நாராயணசாமி அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.